50 ஆயிரத்துல வீட்டுக்கு டெவலப்மென்ட் பிசி: ராம் விக்கிற விலைக்கு இப்ப வாங்கலாமா, தள்ளிப்போடலாமா?

வேளச்சேரி_வாசி

வணக்கம் மக்களே. நான் வீட்ல இருந்தே ஃப்ரீலான்ஸா ஆண்ட்ராய்ட் ஆப் பண்றேன், கூடவே பேக்எண்டும் கொஞ்சம், நோட், போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் எல்லாம் டாக்கர்ல, அதாவது தனித்தனி கன்டெய்னரா, ஓடுது. இவ்ளோ நாள் ஒரு லேப்டாப்தான், ஐ5-10210யு, 8+8 ராம், 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. இப்ப அது ஹிஞ்ச் ஒடைஞ்சு டிஸ்ப்ளேல பாதிக்கு கோடு கோடா வருது, என்டர் கீ ஒரு தடவை வேலை செய்யுது ஒரு தடவை செய்யல. டிஸ்ப்ளே, டாப் பேனல், கீபோர்ட் எல்லாம் சேத்து சர்வீஸ்ல சொன்ன தொகைக்கு பாதி சிஸ்டமே வாங்கிடலாம், அதான் டெஸ்க்டாப்புக்கு மாறிடலாம்னு இருக்கேன்.

பட்ஜெட் 50 ஆயிரம், இழுத்துப்புடிச்சா 55. மானிட்டர் இருக்கு, 24 இன்ச் ஃபுல் ஹெச்டி, பின்னாடி ரெண்டாவது ஒண்ணு வாங்கணும்னு ஆசை. கேம் எதுவும் ஆட மாட்டேன். ரூம்ல ஏசி இல்ல, வேளச்சேரி வெயில் எப்படின்னு சொல்லத் தேவையில்ல. கரண்ட் போனா இன்வெர்ட்டர் இருக்கு.

இன்டெல்லா ஏஎம்டியா, 16 போதுமா 32 வேணுமா, கிராஃபிக்ஸ் கார்டு கட்டாயமா, எல்லாத்துக்கும் மேல இந்த ராம் விலை. ஃப்ரெண்ட் போன வருஷம் வாங்கின அதே 16 ஜிபிய இப்ப விசாரிச்சா தலை சுத்துது. இறங்கற வரைக்கும் வெயிட் பண்ணலாமான்னா கையில டெட்லைன் வேற இருக்கு. சொல்லுங்க.

ஃப்ரேம்ரேட்_பையன்

ப்ரோ கண்ணை மூடிட்டு ஏஎம்5, அதான் ஏஎம்டி ப்ராசஸர் உக்கார்ற புது சாக்கெட், அதுக்குப் போங்க. ரைசன் 5 7600, ஒரு பி650 போர்டு, புது தலைமுறை டிடிஆர்5 ராம் 16*2. ஏஎம்டியே 2027 வரைக்கும் அந்த சாக்கெட்டுக்கு சப்போர்ட் உண்டுன்னு சொல்லியிருக்காங்க, நாளைக்கு ப்ராசஸர் மட்டும் மாத்திக்கலாம், இன்டெல் 1700 சாக்கெட் அதோட கதை முடிஞ்சது. கூட ஒரு ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி செகண்ட்ஸ்ல புடிச்சுட்டீங்கன்னா லோக்கலா ஏஐ மாடலும் ஓட்டலாம். கொஞ்சம் பட்ஜெட் தாண்டும், ஆனா அஞ்சு வருஷத்துக்கு தொடவே வேணாம்.

டெர்மினல்_தாத்தா

தம்பி சொல்ற ஏஎம்5 நல்ல பிளாட்ஃபார்ம்தான், மறுக்கல. ஆனா 50 ஆயிரம்னு கேட்டவங்களுக்கு டிடிஆர்5 32 ஜிபியும் 3060யும் எழுதிக் குடுத்துட்டு "கொஞ்சம் தாண்டும்"னு சொன்னா எப்படி, இன்னிக்கு விலைக்கு அந்த ராமும் கார்டுமே பாதி பட்ஜெட்டுக்கு மேல தின்னுடும்.

மொதல்ல ராம் ஏன் இப்படி ஏறுச்சுன்னு தெரிஞ்சாதான் வெயிட் பண்றதா வேணாமான்னு முடிவு பண்ண முடியும். உலகத்துல ராமுக்குள்ள இருக்கற டிராம் சிப்பு பெரும்பாலும் மூணே கம்பெனிதான் பண்றாங்க, சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். மூணு பேருமே ஏஐ டேட்டா சென்டருக்குப் போற ஹெச்பிஎம் மெமரி பக்கமும் சர்வர் ராம் பக்கமும் சாஞ்சுட்டாங்க, லாபம் அங்கதான். மைக்ரான் 2025 டிசம்பர்ல க்ரூஷியல்ன்ற பேர்ல நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வித்துட்டிருந்த ராம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே நிறுத்தறதா அறிவிச்சிட்டாங்க. பழைய டிடிஆர்4 தயாரிப்பையும் குறைச்சுக்கிட்டே வர்றதால அதுவும் சேந்து ஏறுது. புது ஃபேக்டரி கட்டி சிப்பு வெளிய வர வருஷக்கணக்கா ஆகும், அதனால ரெண்டு மாசம் பொறுத்தா இறங்கிடும்னு நம்பி வேலைய நிறுத்தி வைக்காதீங்க. வேணும்ங்கற அளவுக்கு மட்டும் இப்ப வாங்கி, பின்னாடி சேக்கறதுக்கு ஸ்லாட் காலியா இருக்கற மாதிரி போர்டு எடுங்க.

ப்ராசஸருக்கு என் ஓட்டு ஐ5-12400. ஆறு கோர், பன்னெண்டு த்ரெட், உள்ளயே யுஹெச்டி 730 டிஸ்ப்ளே, பாக்ஸ்லயே கூலர். போர்டு வாங்கும்போது டிடிஆர்4 போர்டான்னு பாத்து வாங்கணும், ஏன்னா அதே ப்ராசஸருக்கு டிடிஆர்5 போர்டும் இருக்கு, ஒண்ணோட ராம் இன்னொண்ணுல உக்காராது. ஏஎம்டி பக்கம்னா ரைசன் 5 5600 வேகமானது ஆனா அதுல டிஸ்ப்ளே கிடையாது, தனியா கார்டு போட்டாகணும். 5600ஜில டிஸ்ப்ளே உண்டு, ஆனா ப்ராசஸருக்குள்ளயே இருக்கற வேகமான மெமரி, எல்3 கேச், 5600ல 32 எம்பின்னா இதுல பாதி, 16தான். மோசமில்ல, 12400 அந்த விலைக்குக் கெடைச்சா அதையே எடுக்கலாம்.

கிராஃபிக்ஸ் கார்டு உங்களுக்கு வேண்டவே வேண்டாம். கோட் அடிக்கறதுக்கும் அதை ஆப்பா மாத்தற க்ரேடில் பில்டுக்கும் அது சும்மா உக்காந்திருக்கும். கம்ப்யூட்டருக்குள்ளயே ஃபோன் மாதிரி ஓடற எமுலேட்டர் ஓரளவு ஜிபியு கேக்கும், அதுக்கு ப்ராசஸர்ல உள்ளதே போதும்.

16ஆ 32ஆன்னு நான் ஊகிச்சு சொல்றதவிட நீங்களே அளந்து பாருங்களேன். லேப்டாப்ப மானிட்டர்ல மாட்டி, வழக்கமா என்னென்ன தொறந்து வைப்பீங்களோ அத்தனையும் தொறந்துட்டு, டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கம் போனா 'கமிட்டட்'னு ஒரு கணக்கு காட்டும், ஓடற ப்ரோக்ராம் எல்லாம் கேட்டு வாங்கின மொத்த மெமரி அது. அந்த எண்ணை இங்க போடுங்க. 'இன் யூஸ்' மட்டும் பாத்தா ஏமாத்தும், ஏன்னா ராம் பத்தலன்னா விண்டோஸ் டிஸ்க்குக்கு தள்ளிவிட்டுட்டு 14, 15னு சமத்தா காட்டும்.

வேளச்சேரி_வாசி

முதல்ல, ப்ரோ இல்லைங்க, சிஸ் :) பரவால்ல.

தாத்தா சொன்ன மாதிரி பாத்தேன். ஆண்ட்ராய்ட் ஸ்டுடியோ, எமுலேட்டர் ஒண்ணு, டாக்கர்ல மூணு கன்டெய்னர், குரோம்ல எப்பவும் போல கணக்கில்லாத டேப், ஜூம். இன் யூஸ் 14.6, கமிட்டட் 26ஐ தொட்டுது. அதுல 'விஎம்மெம்'னு ஒண்ணு மட்டும் 7 ஜிபி புடிச்சிட்டிருக்கு, அது என்னது?

டெர்மினல்_தாத்தா

விஎம்மெம்ங்கறது டபிள்யூஎஸ்எல்ம்மா, விண்டோஸுக்குள்ள லினக்ஸ் ஓட்டற வசதி. உங்க டாக்கர் அதுக்குள்ளதான் ஓடுது. நாம எதுவும் சொல்லலன்னா மெஷின்ல இருக்கற ராம்ல பாதி வரைக்கும் எடுத்துக்கலாம்னு அதுக்கு பர்மிஷன் இருக்கு, எடுத்ததைத் திருப்பிக் குடுக்கவும் அதுக்கு மனசு வராது. யூசர் ஃபோல்டர்ல டபிள்யூஎஸ்எல் கான்ஃபிக் ஃபைல் ஒண்ணு வச்சு மெமரி 4 ஜிபின்னு கட்டுங்க, போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், ஒரு நோட் ப்ராசஸுக்கு அது தாராளம். ப்ராஜெக்ட் ஃபைல் எல்லாம் சி டிரைவ்ல இருக்கு, அதை டாக்கர் உள்ள மவுன்ட் பண்ணி ஓட்டறீங்கன்னா அதையும் மாத்துங்க, லினக்ஸ் பக்கத்து ஃபோல்டருக்குள்ள வச்சா வேகம் எங்கயோ போயிடும், இதுக்கு ஒரு பைசா செலவில்ல.

எமுலேட்டருக்கு பதிலா கையில இருக்கற ஃபோனையே யுஎஸ்பில மாட்டி டீபக் பண்ணுங்க. எஸ்சிஆர்சிபிஒய்னு ஒரு ஃப்ரீ டூல் இருக்கு, ஃபோன் ஸ்க்ரீன் மானிட்டர்லயே தெரியும். எமுலேட்டர் மூடினாலே ரெண்டு மூணு ஜிபி மிச்சம். வேற வேற ஸ்க்ரீன் சைஸ் டெஸ்ட் பண்ணும்போது மட்டும் எமுலேட்டர் போதும்.

இதெல்லாம் பண்ணினா 26, 19 பக்கம் வரும்னு நெனைக்கிறேன். அதனால 16 இழுபறி, 24 நிம்மதி, 32 இருந்தா யோசிக்கவே வேணாம்.

ரீஃபர்ப்_ராயபுரம்

இன்னாங்க எல்லாரும் புதுசு புதுசுன்னே பேசிக்கினு கீறீங்க. சிஸ் லேப்டாப்ல 8+8 கீதே, அத இன்னா பண்ணப் போறீங்க? குப்பையிலயா போடப் போறீங்க? இன்னிக்கு மார்க்கெட்ல அதான் தங்கம்.

சரி சீரியஸா சொல்றேன். லேப்டாப் ராம் சின்ன சைஸ், சோடிம்னு சொல்வாங்க, சாதா டெஸ்க்டாப் போர்டுல உக்காராது. அடாப்டர் வச்சு மாட்டலாம்னு ஆன்லைன்ல விப்பாங்க, அத நம்பி வேலை பாக்கற மெஷின்ல போடாதீங்க. ஆனா ஆபீஸ்ல மானிட்டர் பின்னாடி மாட்டி வைப்பாங்களே குட்டி பொட்டி, டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, ஹெச்பி எலைட்டெஸ்க் மினி, இது எல்லாத்துலயும் லேப்டாப் ராம்தான். ரெண்டு ஸ்லாட், ஒரு எம்.2 ஸ்லாட். உங்க ராமும் போகும், உங்க 512 எஸ்எஸ்டியும் போகும். 10வது ஜெனரேஷன் ஐ5-10500டி உள்ள ரீஃபர்ப் பொட்டியா, அதான் பழசை சரி பண்ணி விப்பாங்களே, அதுவா பாத்து, ராம் எஸ்எஸ்டி இல்லாம வெறும் பொட்டி மட்டும் என்ன விலைன்னு கேளுங்க, பேர்போன்னு சொன்னா கடைல புரியும். ஆறு கோர் பன்னெண்டு த்ரெட், உங்க 10210யு நாலு கோர் எட்டு த்ரெட்டுதான், அதுவும் 15 வாட்டு லேப்டாப் சிப்பு.

இப்ப இந்த பொட்டிங்க ஏன் நெறைய வருதுன்னா, விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, கம்பெனிங்க பழசை மொத்தமா கழட்டி வித்துட்டாங்க. ஆனா அதுலயே ஒரு உஷார் கீது. 6, 7வது ஜெனரேஷன் பொட்டி ரொம்ப சல்லிசா குடுப்பான், வாங்காதீங்க, விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, இன்டெல்ல 8வது ஜெனரேஷன்லருந்துதான் லிஸ்ட்ல கீது. லினக்ஸ் மட்டும்தான்னா பரவால்ல.

அசெம்பிள்டு வாங்கினா விண்டோஸ் லைசென்ஸ் தனி காசு, அதை யாரும் கணக்குலயே சேக்க மாட்டாங்க. இந்த கம்பெனி பொட்டிங்கள்ல பெரும்பாலும் ப்ரோ லைசென்ஸ் போர்டுலயே ஒட்டிக்கினு வரும்.

ஃப்ரேம்ரேட்_பையன்

சாரி சிஸ் :) ஆனா 10500டி 35 வாட்டு சிப்பு, பேஸ் க்ளாக் 2.3 கிகாஹெர்ட்ஸ்தான். 12400 பக்கத்துல வச்சா க்ளீன் பில்டுல, அதாவது மொத்த ப்ராஜெக்டையும் மொதல்லருந்து கம்பைல் பண்றப்ப, நல்லாவே பின்தங்கும். காசு போட்டு அஞ்சு வருஷத்துக்கு முந்தின மெஷின் வாங்கறதுல எனக்கு உடன்பாடில்ல. அப்கிரேடும் கிடையாது அதுல, அந்த சின்ன பொட்டிக்குள்ள நாளைக்கு ஒரு கார்டு கூட போட முடியாது.

மினி_அன்பர்

யாருமே மேக் மினி சொல்லலயே, எம்4 மினி 2024 நவம்பர்ல வந்தப்பவே 59,900தான், அதுலயே 16 ஜிபி. பில்ட் ஸ்பீடுக்கு இந்த ரெண்டு மெஷினையும் தூக்கி சாப்பிட்டுடும், சத்தம் இல்ல, சூடு இல்ல. நாளைக்கு க்ளையன்ட் ஐஃபோன் ஆப் கேட்டா எக்ஸ்கோட் மேக்ல மட்டும்தான் ஓடும். ஆஃபர் டைம்ல பாத்தா இவங்க பட்ஜெட்டுக்குக் கிட்டவே வரும்.

டெர்மினல்_தாத்தா

மினி நல்ல மெஷின், ஐஃபோன் வேலை கையில இருந்தா நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனா 16 ஜிபிதான் கடைசி வரைக்கும், வாங்கின பிறகு ஒரு ஜிபி கூட சேக்க முடியாது, ஸ்டோரேஜ் 256. இவங்க கணக்கு இப்பவே 16ஐ தாண்டிடுச்சு, அதுக்கு மேல உள்ள மாடல் பட்ஜெட்டுக்கு வெளிய.

ராயபுரம் சொன்ன யோசனை எனக்குத் தோணவே இல்ல, நல்ல யோசனை. லேப்டாப் ராமை மறந்துட்டு நாம எல்லாரும் டெஸ்க்டாப் ராம் விலைய பத்தியே பேசிட்டிருந்தோம். ஒரு 8 ஐ எடுத்துட்டு ஒரே ஒரு 16 ஸ்டிக் மட்டும் புதுசா வாங்கிப் போட்டா 16+8, 24 ஆயிடும், சைஸ் வேற வேறயா இருந்தாலும் ஓடும். 3200 ஸ்டிக் வாங்கினாலும் 10வது ஜெனரேஷன் ஐ5 அதை 2666லதான் ஓட்டும், அதனால எது சல்லிசோ அதை எடுக்கலாம்.

தம்பி சொல்ற பில்ட் நேரமும் உண்மைதான். ஆனா நாள் முழுக்க க்ளீன் பில்டா பண்ணப் போறாங்க? மாத்தின ஃபைலை மட்டும் கம்பைல் பண்ற இன்க்ரிமென்டல் பில்டுதான் அதிகம், அதுல வித்தியாசம் அவ்வளவா உறுத்தாது. விண்டோஸ் 11ல டெவ் டிரைவ்னு ஒண்ணு இருக்கு, கோட் போடறதுக்குன்னே தனி பார்ட்டிஷன், குறைஞ்சது 50 ஜிபி ஒதுக்கணும். ப்ராஜெக்டையும் க்ரேடில் கேச்சையும் அதுல வச்சா ஒவ்வொரு ஃபைலையும் விண்டோஸோட ஆன்டிவைரஸ் டிஃபெண்டர் நிறுத்தி நிறுத்தி சோதிக்கறது குறையும், அதுலயே கொஞ்ச நேரம் மிச்சம்.

வேளச்சேரி_வாசி

ரெண்டு பக்கமும் நியாயமா இருக்கே. புதுசுக்கும் ஒரு கொட்டேஷன் வாங்கி வச்சிருந்தேன், அதையும் பாத்து சொல்லுங்க. கடை பேர் வேணாம். ஐ5-12400எஃப், ஹெச்610 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 சிங்கிள் ஸ்டிக், 512 ஜிபி என்விஎம்இ, ஜிடி 710 2 ஜிபி கார்டு, கேபினட் வித் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). மொத்தம் 53 ஆயிரம் சொச்சம், ஜிஎஸ்டி தனி. "கோடிங்குக்கு கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா ஸ்மூத்தா இருக்கும் மேடம்"னு சொன்னாரு.

டெர்மினல்_தாத்தா

இந்த கொட்டேஷனை ஃப்ரேம் போட்டு மாட்டணும்.

12400க்குப் பின்னாடி எஃப் இருந்தா உள்ள டிஸ்ப்ளே கிடையாதுன்னு அர்த்தம். டிஸ்ப்ளே இல்லாத ப்ராசஸரைக் குடுத்துட்டு, படம் வரணுமேன்னு ஜிடி 710 ஐ தலையில கட்டறாரு. அது ரொம்பப் பழைய கார்டு, கெப்ளர்ங்கற தலைமுறை காலத்துது, என்விடியா அந்த தலைமுறைக்கு புது டிரைவர் விடறதை 470 வரிசையோட நிறுத்தியாச்சு. நாளைக்கு லினக்ஸ் போட்டா புது கெர்னலுக்கும் அந்த டிரைவருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கணும். எஃப் இல்லாத 12400 எடுத்து கார்டை கொட்டேஷன்லருந்து அடிச்சிட்டா செலவும் குறையும், யுஹெச்டி 730 அந்த 710 விட ஒண்ணும் மட்டமில்ல.

ஹெச்610 போர்டுல ரெண்டே ராம் ஸ்லாட், அது பரவால்ல, ஒண்ணு காலியாத்தானே இருக்கு. நீங்க பாக்க வேண்டியது பின்பக்கம். ரெண்டாவது மானிட்டர் ஆசைன்னு சொன்னீங்க, சல்லிசான போர்டுங்கள்ல ஒரு ஹெச்டிஎம்ஐ, ஒரு நீல கலர் விஜிஏ, அவ்ளோதான் இருக்கும். விஜிஏல ஒரு நாள் முழுக்க எழுத்து படிச்சா கண்ணு பூத்துடும். ஹெச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளேபோர்ட்டும் இருக்கற மாடலா கேளுங்க.

எஸ்எஸ்டில கம்பெனி பேரே போடல. பேர் போடாத எஸ்எஸ்டி, "கேபினட் வித் எஸ்எம்பிஎஸ்", இந்த ரெண்டு வரியிலதான் கடைக்காரருக்கு மிச்சம் நிக்கும். "ஜிஎஸ்டி தனி"ன்னா 18 பர்சன்ட் கூட்டிக்கங்க, 53 சொச்சம் 62 ஐ தாண்டிடும், அப்ப உங்க 55லயும் அடங்கல. பில் இல்லாம வாங்குங்கன்னு சொல்லுவாரு, வேணாம். சீரியல் நம்பர் எழுதின ஜிஎஸ்டி பில் இல்லன்னா மூணு வருஷ வாரண்டி பேச்சோட சரி. ப்ராசஸர் பாக்ஸா, இல்ல பாக்ஸ் இல்லாம உதிரியா வர்ற ட்ரேயான்னும் கேளுங்க, ட்ரேல கூலரும் வராது, கம்பெனி வாரண்டியும் வராது, கடை குடுக்கற வாரண்டிதான்.

எஸ்எம்பிஎஸ்_சித்தப்பா

கேபினட்டோட ஓசில வர்ற எஸ்எம்பிஎஸ் பத்தி நான் சொல்லலாம்னு வந்தேன், தாத்தா முந்திக்கிட்டாரு. 450 வாட்டு, 80 ப்ளஸ் ப்ரான்ஸ் தரச்சான்று உள்ளதா தனியா வாங்கறது போதும், கார்டு இல்லாத மெஷினுக்கு அதுவே அதிகம். ஓசி எஸ்எம்பிஎஸ்ல 450ன்னு ஸ்டிக்கர் மட்டும்தான் இருக்கும், வெயிட்டை கையில தூக்கிப் பாத்தாலே தெரியும்.

இன்வெர்ட்டர் இருக்குன்னு சொன்னீங்க, அது சைன் வேவா ஸ்கொயர் வேவா பாருங்க. நல்ல எஸ்எம்பிஎஸ்ல ஆக்டிவ் பிஎஃப்சின்னு கரண்டை சீரா இழுக்கற சர்க்யூட் இருக்கும், அதுக்கும் ஸ்கொயர் வேவுக்கும் ஒத்துப்போகாது, கரண்ட் மாறும்போது மெஷின் ஆஃப் ஆகலாம். இன்வெர்ட்டர் முன்னாடியோ பின்னாடியோ யுபிஎஸ் மோடுன்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதுல போட்டாதான் சீக்கிரம் மாறும், நார்மல் மோடுல ஃபேன் லைட்டு தாங்கும், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆயிடும். அப்புறம் உங்க டேபிள் பக்கத்துல இருக்கற ப்ளக் பாயின்ட் இன்வெர்ட்டர் லைன்லதான் வருதான்னு மெயினை ஆஃப் பண்ணிப் பாத்துக்கங்க, நெறைய வீட்ல ஃபேனும் ட்யூப் லைட்டும் மட்டும்தான் அதுல இருக்கும். ஃபைபர் மோடத்தையும் அதே லைன்ல மாட்டுங்க, சிஸ்டம் ஓடி நெட் இல்லாம க்ளையன்ட் கால்ல பாதில போறது அதவிட கொடுமை.

ஈபி பில்லும் ஒரு கணக்கு. டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேத்து சராசரி 80 வாட்டுன்னு வச்சா, நாளைக்கு 10 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 48 யூனிட். சின்ன பொட்டின்னா அதுல பாதி பக்கம். ஏற்கனவே 500 யூனிட் விளிம்புல நிக்கற வீடா இருந்தா இந்த 48 பெரிய விஷயம், தாண்டினா ரேட் டேபிளே வேற.

ஒண்ணு விட்டுட்டேன். வேளச்சேரில தரைத்தளம்னா கேபினட்டை தரையில வைக்காதீங்க, 2023 டிசம்பர் மிக்ஜாம் அப்ப எங்க ஏரியாவுல முங்கினது பூரா தரையில வச்ச சிபியுதான். கம்ப்யூட்டர் டேபிள்ல சிபியுவுக்குன்னு மூணு பக்கமும் மூடின பொந்து ஒண்ணு வைப்பாங்களே, அதுக்குள்ளயும் வேணாம், மே மாசத்துல அடுப்பு மாதிரி ஆயிடும்.

வேளச்சேரி_வாசி

மொத மாடி, தப்பிச்சேன். இன்வெர்ட்டர் சைன் வேவ், ஆனா இவ்ளோ நாளா நார்மல் மோடுலதான் இருந்திருக்கு, லேப்டாப்ல பேட்டரி இருந்ததால தெரியல.

முடிவு பண்ணிட்டேன். ராயபுரம் சொன்ன மாதிரி 10500டி பேர்போன் ஒண்ணு, லேப்டாப்லருந்து ராமும் எஸ்எஸ்டியும், ஒரே ஒரு 16 சோடிம் புதுசு. மீதி காசை ரெண்டாவது மானிட்டருக்குக் கொஞ்சம், பாக்கிய தொடாம வைக்கிறேன், ராம் விலை இறங்கினா தம்பி சொன்ன ஏஎம்5 அப்ப பாத்துக்கலாம். பொட்டி வாங்கும்போது என்னென்ன பாக்கணும்? ஞாயித்துக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போகலாமா?

ரீஃபர்ப்_ராயபுரம்

ஞாயித்துக்கிழமை போனா பூட்டைத்தான் பாத்துட்டு வரணும், பெரும்பாலான கடை லீவு. சனிக்கிழமை சாயங்காலம் கால் வைக்க எடம் இருக்காது. வாரநாள்ல 11 மணி வாக்குல போங்க. வேளச்சேரிலருந்துன்னா வண்டிய எடுக்காதீங்க, அங்க பார்க்கிங் கெடைக்காது, பறக்கும் ரயில்ல சிந்தாதிரிப்பேட்டை எறங்கி நடந்துடலாம். மெயின் தெருவுல கேட்டுட்டு உடனே வாங்காதீங்க, மீரான் சாஹிப் தெரு பக்கமும் நாலு கடை ஏறி எறங்குங்க.

ராமையும் எஸ்எஸ்டியையும் கையோட எடுத்துக்கினு போயி அங்கயே மாட்டி ஆன் பண்ணிப் பாக்கணும். மொதல்ல பயாஸ் உள்ள போங்க, ஆன் ஆகும்போதே தொறக்கற மெஷின் செட்டிங்ஸ் அது, டெல்லுக்கு எஃப்2, லெனோவோவுக்கு எஃப்1, ஹெச்பிக்கு எஃப்10. பாஸ்வேர்ட் கேட்டா அப்படியே வச்சுட்டு வந்துடுங்க, பழைய கம்பெனி போட்ட பூட்டு அது, கடைக்காரர் "ஃபார்மட் பண்ணா போயிடும் மேடம்"பாரு, போகாது. உள்ள போனதும் விர்ச்சுவலைசேஷன் ஆன்ல கீதான்னு பாருங்க, அது ஆஃப்ல இருந்தா டாக்கரும் ஓடாது எமுலேட்டரும் ஓடாது, மெஷினே சரியில்லன்னு நெனைச்சுப்பீங்க.

அடாப்டர் ஒரிஜினலா இருக்கணும். டெல் பொட்டில அடாப்டரை அடையாளம் தெரியலன்னா ப்ராசஸர் வேகத்தையே குறைச்சிடும், ஆன் ஆகும்போதே அடாப்டர் பத்தி வார்னிங் வரும், அது வந்தா மாத்திக் கேளுங்க. வைஃபை கார்டு நெறைய பொட்டில கழட்டியிருப்பாங்க, ஆன்டெனாவும் சேத்து பாருங்க. எஸ்எஸ்டிய இறுக்கற அந்த குட்டி ஸ்க்ரூ கூட இருக்காது, கேட்டு வாங்கிக்கங்க. பின்னாடி ரெண்டு டிஸ்ப்ளே போர்ட் வேலை செய்யுதான்னு ரெண்டையும் மாட்டிப் பாத்துடுங்க. ஒரு பென் டிரைவ்ல, இன்ஸ்டால் பண்ணாமயே ஓடற லைவ் லினக்ஸ் போட்டு எடுத்துக்கினு போனீங்கன்னா இதெல்லாம் பத்து நிமிஷம். அஞ்சு நிமிஷம் ஃபுல் லோடு குடுத்து ஃபேன் சத்தமும் கேளுங்க, கரகரன்னா உள்ள தூசி, க்ளீன் பண்ணி புது தெர்மல் பேஸ்ட் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க, பண்ணுவாங்க.

ஃப்ரேம்ரேட்_பையன்

சரி தோத்துட்டேன் :) ஆனா ஏஎம்5 வாங்கும்போது இங்க வந்து சொல்லுங்க, பார்ட்ஸ் லிஸ்ட் நான்தான் போடுவேன்.

வேளச்சேரி_வாசி

கண்டிப்பா. வியாழக்கிழமை போறேன். எஸ்எஸ்டிய அப்படியே மாத்தினா விண்டோஸ் ஓடுமா, இல்ல புதுசா போடணுமா?

டெர்மினல்_தாத்தா

ஓடும், பூட் ஆகி டிரைவர் தானா எடுத்துக்கும், ஆனாலும் புதுசா போடறதுதான் சுத்தம். எதுவா இருந்தாலும் லேப்டாப்பைத் திறக்கறதுக்கு முன்னாடி டிஸ்க்கைப் பூட்டி வைக்கற பிட்லாக்கர் ஆன்ல இருக்கான்னு பாருங்க, விண்டோஸ் ஹோம்லயும் டிவைஸ் என்க்ரிப்ஷன்னு சத்தமில்லாம ஆன் ஆகியிருக்கும். போர்டு மாறினதும் 48 இலக்க ரெக்கவரி கீ கேக்கும், அது இல்லன்னா டிஸ்க்ல உள்ள எதையும் தொட முடியாது. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்ணி கீயை பேப்பர்ல எழுதிக்கங்க, இல்லன்னா என்க்ரிப்ஷனை ஆஃப் பண்ணி அது முழுசா முடியற வரைக்கும் காத்திருங்க. கோட் எல்லாத்தையும் கிட்ல புஷ் பண்ணிட்டு, ஆப் சைன் பண்ற கீஸ்டோர் ஃபைலை தனியா ஒரு பென் டிரைவ்ல வச்சுக்கங்க. அப்புறம் ஸ்க்ரூடிரைவரை எடுங்க.